வீட்டைத் திருட முடியாது, கொள்ளையடிக்கலாம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆங்கிலத்தில் 'ஸ்டீல்', 'ராப்' இரண்டுக்கும் அகராதியில் 'திருடு' என்றே இருக்கிறது. ஆனால் 'தி தீஃப் ராப்ட் மை பர்ஸ்' என்று நான் எழுதியதைத் தேர்வில் அடித்துவிட்டார்கள். என்ன பிழை?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: அடித்தவர் செய்தது சரிதான். இந்த இரண்டு வினைகளும் வேறு வேறு செயப்படுபொருளைக் கேட்பவை. 'ஸ்டீல்' என்றால் என்ன போனது என்று சொல்ல வேண்டும்: பர்ஸ், சைக்கிள், நகை. 'ராப்' என்றால் யார் இழந்தார், எந்த இடம் பறிகொடுத்தது என்று சொல்ல வேண்டும்: ஒரு ஆள், ஒரு வங்கி, ஒரு ரயில். ஆகவே 'ஹீ ஸ்டோல் மை பர்ஸ்' சரி. 'ஹீ ராப்ட் மீ ஆஃப் மை பர்ஸ்' என்பதும் சரி. பர்ஸையே 'ராப்' செய்தால், பர்ஸ் வைத்திருந்த எதையோ பர்ஸிடமிருந்து பிடுங்கியதாக ஆகிவிடும். மூன்றாவதாக 'பர்கிள்' என்று ஒன்று உண்டு. அதற்குக் கட்டடம்தான் வேண்டும், 'தே பர்கிள்ட் தி ஹவுஸ்' என்பது போல. அமெரிக்கர்கள் இதையே 'பர்க்லரைஸ்' என்று நீட்டிச் சொல்வார்கள்.

தமிழிலும் இந்த நுணுக்கம் பாதி இருக்கிறது. 'வீட்டைத் திருடினான்' என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் வீட்டையே பெயர்த்துக்கொண்டு போனதாகப் பொருள். 'வீட்டைக் கொள்ளையடித்தான்' என்கிறோம். ஆனால் 'நகையைக் கொள்ளையடித்தான்' என்றும் சொல்வோம். நம் 'கொள்ளையடி' இரண்டு பக்கமும் போகும், ஆங்கில 'ராப்' ஒரு பக்கம்தான் போகும். உங்கள் பிழை அங்கிருந்து வந்ததுதான்.

இலக்கணத்தைவிடப் பொருள் வேறுபாடு பெரிது. 'ஸ்டீல்' என்பதில் உடையவருக்குத் தெரியாமலும் எடுக்கலாம். 'ராப்' என்றால் எதிரே ஒரு மனிதர் இருக்க வேண்டும். அவர் மீது வன்முறையோ மிரட்டலோ நடந்திருக்க வேண்டும். பேச்சு ஆங்கிலத்தில் இதைக் கறாராகப் பார்க்க மாட்டார்கள். ஊருக்குப் போய்த் திரும்பி, வீடு காலியாகக் கிடப்பதைப் பார்த்தவர் 'வீ வேர் ராப்ட்' என்றுதான் கத்துவார். எழுத்தில், அதிலும் புகாரிலும் ஒப்பந்தத்திலும், இந்தத் தாராளம் செல்லாது.

கேள்வி: என் கடைக்கு 'பர்க்ளரி இன்ஷூரன்ஸ்' எடுத்திருந்தேன். இரவில் யாரோ மாற்றுச் சாவி போட்டு ஷட்டரைத் திறந்து சரக்கை அள்ளிவிட்டார்கள். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. காப்பீட்டு நிறுவனமோ, 'இது தெஃப்ட், பர்க்ளரி இல்லை' என்று க்ளெய்மை மறுக்கிறது. திருட்டுக்கும் திருட்டுக்கும் என்ன வித்தியாசம்?
– வணிகர், ஈரோடு

பதில்: உங்கள் கடையில் ஒரே இரவில் நடந்த ஒரே செயலுக்கு, குற்றச் சட்டம் ஒரு பெயர் வைக்கிறது, பாலிசி வேறு பெயர் வைக்கிறது. சிக்கல் அங்கேதான்.

முதலில் குற்றச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 'தெஃப்ட்' பிரிவு 303. ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்தினாலே அது திருட்டு. எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும் என்பதில்லை, நகர்த்தியது போதும். 'பர்க்ளரி' என்ற பெயரில் இந்தச் சட்டத்தில் குற்றம் கிடையாது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இல்லை. அதற்குப் பதிலாக 'ஹவுஸ் பிரேக்கிங்' என்று ஒன்று உண்டு, இப்போது பிரிவு 330. நம் காவல் துறைப் பதிவேடுகளில் இதற்கு அழகான பழந்தமிழ்ச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது: கன்னக்களவு. சுவரில் துளை போட்டு நுழைவது கன்னமிடுதல், அதற்கான கருவி கன்னக்கோல். பகலில் நடந்தால் பகல் கன்னக்களவு, இரவில் நடந்தால் இரவு கன்னக்களவு.

'பிரேக்கிங்' என்ற சொல்லைப் பார்த்து ஏதாவது உடைந்திருக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் ஆறு வழிகளைச் சொல்கிறது. சுவரில் ஓட்டை போடுவது ஒன்று. ஆள் நுழைவதற்கென்று வைக்கப்படாத ஜன்னல் வழியாகவோ மதில் ஏறியோ நுழைவது இன்னொன்று. எந்தப் பூட்டையும் திறந்து நுழைவதும் அதில் ஒன்று. சட்டத்தோடு வரும் எடுத்துக்காட்டுகளில், வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்தவன் அதே சாவியால் கதவைத் திறந்து நுழைவதும் ஹவுஸ் பிரேக்கிங்தான். ஒரு கீறல்கூட விழாமல் 'உடைப்பு' நடந்துவிடுகிறது! பொருள் பாதுகாத்து வைக்கும் கட்டடமும் இங்கே வீடுதான். ஆகவே கடையும் கிடங்கும் அடங்கும். உங்கள் கடையில் மாற்றுச் சாவி போட்டது சட்டப்படி கன்னக்களவு. தண்டனையும் அதற்கேற்பக் கடுமை: வெறும் திருட்டுக்கு 3 ஆண்டு வரை, திருடுவதற்காகப் பகலில் உடைத்து நுழைந்தால் 10 ஆண்டு வரை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் என்றால் 14 ஆண்டு வரை.

இப்போது பாலிசிக்கு வாருங்கள். பாலிசியின் 'டெஃபினிஷன்ஸ்' பகுதியில் பர்க்ளரிக்கு என்ன விளக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பாலிசிகளில், கட்டடத்துக்குள் பலவந்தமாக, வன்முறையோடு நுழைந்து அல்லது அப்படி வெளியேறி நடந்த திருட்டு என்றே இருக்கும். 2004-இல் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் – ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது. பாலிசியில் 'பர்க்ளரி' என்பதற்கு விளக்கம் இருக்கும்போது அந்த விளக்கமே செல்லும். குற்றச் சட்டத்தின் பொருளையோ பொதுப் பொருளையோ கொண்டுவந்து நீட்ட முடியாது. பலவந்தம் இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கிடையாது. 2016-இல் ஒடிசாவின் ஒரு அரசு நிதி நிறுவனம் தொடுத்த வழக்கிலும் இதே முடிவு.

ஆகவே உங்கள் எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு இருக்கிறது என்பது பாதிக் கதைதான். நிறுவனம் தேடுவது பலவந்தத்தின் தடயம். மாற்றுச் சாவிதான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? பூட்டு காணாமல் போயிருந்தால் அது திறக்கப்பட்டதா அறுக்கப்பட்டதா என்பது யாருக்கும் தெரியாது. 'மாற்றுச் சாவி போட்டுத் திறந்து' என்று ஊகத்தைப் புகாரில் எழுதிக் கொடுத்தவர்கள், தங்கள் க்ளெய்மைத் தாங்களே மூடிவிட்டார்கள். ஷட்டரின் கொண்டி வளைந்திருக்கிறதா, உள்ளே மேசை இழுப்பறை நெம்பப்பட்டதா, கேமரா வயர் அறுந்ததா, பின்பக்கக் கதவு வழியாக உடைத்துக்கொண்டு வெளியேறினார்களா என்று பாருங்கள். விளக்கத்தில் 'வெளியேறுதல்' என்ற சொல்லும் இருந்தால், பகலில் உள்ளே ஒளிந்திருந்து இரவில் கதவை உடைத்து வெளியே போனவனும் அதில் அடங்குவான். சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல் துறை எழுதிய பார்வை மகஜரில் இவை பதிவாகியிருந்தால் அதன் நகலை இணைத்து, மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள்.

அதற்கும் மறுத்தால், தனி உரிமையாளர் கடை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு அவகாசம். பலவந்தத்தின் தடயம் ஒன்றுமே இல்லை என்றால், வழக்குச் செலவுக்கு முன் நன்றாக யோசியுங்கள்.

பூட்டை நீங்களே பிறகு நெம்பி வைத்துப் படம் எடுக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் புது வெட்டையும் பழைய துருவையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். அது மோசடி, க்ளெய்ம் முழுவதும் போவதோடு நீங்களே குற்றவாளி ஆவீர்கள்.

அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது மூன்று இடங்களைப் படியுங்கள். ஒன்று, 'தெஃப்ட்' தனியாகச் சேர்க்க வழி உண்டா என்பது. கூடுதல் பிரீமியத்துக்குச் சில நிறுவனங்கள் தருகின்றன. இரண்டு, கடை ஊழியரோ வீட்டாரோ சம்பந்தப்பட்ட திருட்டுக்கு விலக்கு இருக்கிறதா என்பது, பெரும்பாலும் இருக்கும். மூன்று, பணப்பெட்டிச் சாவியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பது. இரவில் சாவி கல்லாவிலேயே இருந்து, அதைக் கொண்டே பெட்டியைத் திறந்திருந்தால் பணத்துக்கான இழப்பீடு பெரும்பாலும் மறுக்கப்படும்.

கேள்வி: வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி இருக்கிறது. அதில் 'தெஃப்ட்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். எனவே திருட்டுக்குக் கவலை இல்லைதானே?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் திருட்டு அல்ல. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் இந்தப் பொதுப் பாலிசியில், தீ, வெள்ளம், புயல் போன்ற காப்பீடு செய்யப்பட்ட நிகழ்வு நடந்து 7 நாட்களுக்குள், அதன் காரணமாக நடக்கும் திருட்டு மட்டுமே அடங்கும். வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறினீர்கள், அந்த நேரத்தில் டிவியைத் தூக்கிவிட்டார்கள் என்றால் கிடைக்கும். நல்ல வெயில் நாளில் பீரோவை உடைத்தால் கிடைக்காது. அதற்குத் தனியாகப் பர்க்ளரி பிரிவு வாங்க வேண்டும்.

வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், தானாகவே சேரும். நகை அதில் வராது. நகைக்குப் பட்டியலும் மதிப்பும் கொடுத்துத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: நடந்து போகும்போது பைக்கில் வந்தவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். செய்தித்தாள் 'வழிப்பறி' என்றது, எஃப்.ஐ.ஆரில் 'ஸ்னாட்சிங்' என்று இருக்கிறது. ராபரி இல்லையா?
– வாசகி, மதுரை

பதில்: திருட்டுக்கும் ராபரிக்கும் நடுவே நிற்கும் செயல் இது. புதிய சட்டம் பிரிவு 304-இல் 'ஸ்னாட்சிங்' என்று தனியாகவே எழுதிவிட்டது: திருடுவதற்காகத் திடீரென்றோ வேகமாகவோ பலத்தோடோ பறிப்பது. தண்டனை 3 ஆண்டு வரை, அபராதமும் உண்டு.

'ராபரி', பிரிவு 309, இதற்கு மேல்படி. திருடுவதற்காகவோ, திருடியதைக் கொண்டுபோவதற்காகவோ உயிர்ச்சேதம், காயம், தடுத்து நிறுத்தல் இவற்றில் ஒன்றை விளைவித்திருக்கவோ விளைவிக்க முயன்றிருக்கவோ வேண்டும், அல்லது அந்தக் கணமே விளையும் என்ற பயத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். தண்டனை 10 ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில் இரவில் என்றால் 14 ஆண்டு வரை.

உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கழுத்தில் காயம் உண்டா? சங்கிலி அறுந்த இழுப்பில் தோல் கீறியிருந்தாலோ, கீழே தள்ளியிருந்தாலோ, கத்தி காட்டியிருந்தாலோ அதைப் புகாரில் சொல்லியிருக்க வேண்டும். அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டு நகல் வாங்கியிருந்தால், விசாரணை அதிகாரியிடம் கொடுத்துப் பிரிவை மாற்றக் கோரலாம்.

ராபரியின் சட்ட விளக்கத்தில் வரும் 'அதற்காக' என்ற சொல்லுக்கு நிறைய எடை உண்டு. திருடியதைக் கீழே போட்டுவிட்டு, தான் தப்பிப்பதற்கு மட்டும் கல்லெறிந்து ஓடுபவன் செய்தது ராபரி ஆகாது, திருட்டும் தாக்குதலும்தான் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. பொருளோடு ஓடும்போது அதே கல்லை எறிந்தால் ராபரி.

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ராபரி, டகாய்ட்டி, எக்ஸ்டார்ஷன் எல்லாவற்றுக்கும் 'கொள்ளை' என்றே போடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: போட்டால் தண்டனை அளவே மாறிப்போகும். டகாய்ட்டிக்கும் ராபரிக்கும் இடையே உள்ளது தலைக்கணக்கு: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் டகாய்ட்டி, பிரிவு 310, ஆயுள் தண்டனை வரை போகும். சம்பவ இடத்தில் இருந்து உதவுபவர்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள். நால்வர் என்றால் எவ்வளவு பெரிய தொகை போனாலும் ராபரிதான். இந்தச் சொல் இந்தியில் 'டாக்கா' என்பதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இங்கிலாந்துக்காரர்கள் நம்மிடம் வாங்கிக்கொண்டார்கள். தமிழில் 'கூட்டுக்கொள்ளை' என்று காவல் துறை எழுதுவது மிகப் பொருத்தம்.

ராபரிக்குச் சாலையில் நடந்தால் 'வழிப்பறி' என்பது கச்சிதம். சங்கப் பாடல்களில் வரும் 'ஆறலை கள்வர்' இவர்கள்தான். ஆறு என்றால் வழி. வீட்டுக்குள் புகுந்து கத்தி காட்டினால் 'வழிப்பறி' ஒட்டாது, அங்கே 'கொள்ளை' போடுங்கள். எக்ஸ்டார்ஷன் 'மிரட்டிப் பறித்தல்'. பயத்தால் உடையவரே தன் கையால் கொடுப்பது அதன் அடையாளம். 'உன் பிள்ளை எங்களிடம் இருக்கிறான், பணம் அனுப்பு' என்பது எக்ஸ்டார்ஷன்; எதிரே நின்று கத்தியை நீட்டி 'இப்போதே கொடு' என்றால் அதுவே ராபரியாகிவிடும். பர்க்ளரிக்குக் 'கன்னக்களவு' இருக்கும்போது 'வீடு புகுந்து கொள்ளை' என்று சுற்ற வேண்டாம்.

நள்ளிரவில் ஆளில்லாத வங்கியில் சுவரைத் துளைத்து லாக்கரை அள்ளிப் போனால் மறுநாள் தலைப்பு 'வங்கியில் பயங்கரக் கொள்ளை' என்றுதான் வரும். அது ராபரி அல்ல, யாரையும் மிரட்டவில்லையே. ஆங்கில நாளிதழ்களும் அதே தவற்றைச் செய்கின்றன என்பது சிறு ஆறுதல்.

இங்கிலாந்துச் சட்டத்தை மொழிபெயர்த்தால் கூடுதல் கவனம் தேவை. அங்கே 1968-இன் திருட்டுச் சட்டப்படி 'பர்க்ளரி' என்பதற்கு உடைப்பு தேவையில்லை, திருடும் எண்ணத்தோடு அத்துமீறி நுழைந்தாலே போதும். திறந்து கிடந்த கதவு வழியாக அப்படி நுழைந்தவனும் பர்க்ளர். அங்கே 'உடைத்து' என்ற சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: நண்பர் இரண்டு நாளைக்கு என்று வாங்கிய பைக்கை மூன்று மாதமாகத் திருப்பித் தரவில்லை. திருட்டுப் புகார் கொடுக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: திருட்டு என்று எழுதாதீர்கள். நீங்களே கொடுத்தீர்கள், ஆகவே சம்மதமின்றி எடுத்ததாக ஆகாது. இது 'நம்பிக்கை மோசடி', பிரிவு 316. என்று, எதற்காக, எத்தனை நாளைக்குக் கொடுத்தீர்கள், எப்போது திருப்பிக் கேட்டீர்கள் என்று தேதிகளோடு எழுதி, வாட்ஸ்அப் உரையாடலை இணையுங்கள். காப்பீட்டில் 'தெஃப்ட்' க்ளெய்மும் இந்த இடத்தில் சிக்கலாகும்.

கேள்வி: மெக்கானிக் கூலி தராததால் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறார். என் வண்டிதானே, மாற்றுச் சாவியோடு போய் எடுத்துவந்தால் குற்றமா?
– வாசகர், வேலூர்

பதில்: குற்றம், அதுவும் திருட்டு! கடிகாரம் பழுது பார்த்தவர் கூலிக்காக வைத்திருக்கும் கடிகாரத்தை உடையவரே நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துப்போனால் அது திருட்டு என்று சட்டத்தின் எடுத்துக்காட்டே சொல்கிறது. திருட்டுக்கு முக்கியம் யாருக்குச் சொந்தம் என்பதல்ல, யார் வசம் இருந்தது என்பது. கூலியைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்; தொகை அநியாயம் என்றால் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு நுகர்வோர் ஆணையம் போகலாம்.

கேள்வி: வங்கி லாக்கரில் வைத்த நகை போனால் அது தெஃப்டா பர்க்ளரியா என்று பார்த்துத்தான் பணம் தருவார்களா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இங்கே அந்தச் சண்டை இல்லை. ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் உத்தரவு திருட்டு, பர்க்ளரி, ராபரி, டகாய்ட்டி எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டது. வங்கியின் கவனக்குறைவாலோ ஊழியர் மோசடியாலோ இழப்பு என்றால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். உள்ளே 30 லட்சத்துக்கு நகை இருந்தாலும் கணக்கு அதுதான்.

கேள்வி: புகார் எழுதும்போது 'திருட்டு' என்பதா 'காணவில்லை' என்பதா? காவல் நிலையத்தில் 'காணவில்லை என்று எழுதுங்கள், சுலபம்' என்கிறார்கள்.
– வாசகர், சேலம்

பதில்: சுலபம் அவர்களுக்கு. 'லாஸ்ட்' என்பதும் 'ஸ்டோலன்' என்பதும் இரண்டு தனிப் பாதைகள். தொலைந்த ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், சான்றிதழ் போன்றவற்றுக்குத் தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம். மாற்று ஆவணம் வாங்க அது உதவும். திருட்டு க்ளெய்முக்கு உதவாது. சி.எஸ்.ஆர். ரசீதும் நீங்கள் மனு கொடுத்ததற்கான ஒப்புகைதான், எஃப்.ஐ.ஆர். அல்ல.

நீங்கள் குற்றத்துக்குப் பெயர் சூட்ட வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். கடைசியாக எப்போது பூட்டினீர்கள், யார் பூட்டியது, சாவி எத்தனை, யார் யாரிடம்; திரும்பி வந்தபோது எந்தக் கதவு, எந்தப் பூட்டு, எப்படி இருந்தது; என்ன என்ன போனது. நகையைச் சவரனிலும் கிராமிலும் எழுதுங்கள், ஹால்மார்க் எண் இருந்தால் அதையும். பூட்டையும் கொண்டியையும் தொடாமல், கைரேகைப் பிரிவு வந்து போகும்வரை பொறுத்து, அதற்கு முன் தூரத்திலிருந்தும் அருகிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டே இல்லை என்றால் 'பூட்டைக் காணவில்லை' என்று தவறாமல் குறிப்பிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம், 3 நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு. அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட். ஒரு விதிவிலக்கு: 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் என்றால் சாதாரணத் திருட்டு நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடும் வகையில் வராது. முதல் முறை சிக்கியவர் பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவைதான் தண்டனை. ஆனால் அதே 4,000 ரூபாய் கைப்பேசியை வீட்டுக்குள் புகுந்து எடுத்திருந்தால் பிரிவு 305, 7 ஆண்டு வரை. எங்கிருந்து போனது என்ற வரியை அதனால்தான் விடக்கூடாது.